மாராவா, செரெங்கெட்டியா, க்ரூகரா: முதல் சஃபாரிக்கு எங்கே போகலாம்?

சஃபாரி என்றதும் நம்மவர்கள் முதலில் கேட்பது, "எங்கே போனால் சிங்கம் நிச்சயம்?" என்பதைத்தான். கென்யாவின் மாசாய் மாரா, தான்சானியாவின் செரெங்கெட்டி, தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் மூன்றிலுமே நாலு நாள் நிதானமாகச் சுற்றினால் சிங்கம் கண்ணில் படாமல் திரும்புவது அபூர்வம். அதனால் அதை வைத்து முடிவெடுக்க வேண்டியதில்லை. லீவு எந்த மாதம், வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள், ஒரு நாளைக்கு எவ்வளவு செலவழிக்க மனசு வரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால் போதும்.

லீவைத்தான் முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் மாட்டிக்கொள்வது அங்கேதான். நம் ஊர்ப் பள்ளிகளுக்கு ஏப்ரல், மே கோடை விடுமுறை. கிழக்கு ஆப்பிரிக்காவில் அதே இரண்டு மாதம்தான் பெருமழைக்காலம். மாராவிலும் தெற்கு செரெங்கெட்டியிலும் நிறைய இடம் கரிசல் மண்; நல்ல மழை பெய்தால் லேண்ட் க்ரூசரே சேற்றில் உட்கார்ந்துவிடும். சில கேம்ப்களை (காட்டுத் தங்குமிடங்களை) மூடியே வைத்திருப்பார்கள். "ஏப்ரலில் பாதி விலை" என்று வரும் பேக்கேஜ்களுக்குக் காரணம் இதுதான். விலங்குகள் எங்கும் போய்விடுவதில்லை, புல்வெளி பச்சைப் பசேல் என்று இருக்கும், கூட்டமும் குறைவு. ஆனால் குழந்தைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். க்ரூகரில் மே மாதம் மழை ஓய்ந்து வறண்ட காலம் தொடங்கும் நேரம். பகலில் இதமான வெயில், கொசுவும் குறைய ஆரம்பிக்கும். கோடை விடுமுறைதான் ஒரே வாய்ப்பு என்பவர்கள் மே மாதத்தில் க்ரூகருக்குப் போகலாம், அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. காலாண்டு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசி என்றால்தான் மூன்றுக்கும் இடையே உண்மையான போட்டி.

அடுத்தது வண்டி. க்ரூகரின் தனிச்சிறப்பே சொந்தமாக ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதுதான். ஜோகன்னஸ்பர்க்கில் வாடகைக் கார் எடுத்தால் ஐந்து மணி நேரத்தில் தெற்கு வாயில்களை எட்டிவிடலாம். அங்கேயும் இடதுபக்க ஓட்டம் என்பதால் நமக்குத் தடுமாற்றம் இல்லை. முக்கியச் சாலைகள் தார் போட்டவை. வேகம் 50 கிலோமீட்டருக்குள், மண் சாலையில் 40-க்குள். சாதாரண கார் போதும், ஆனால் கொஞ்சம் உயரமான வண்டியாக எடுப்பது நல்லது. மழைக்காலத்தில் புல் ஆளுயரம் வளர்ந்து நிற்கும்போது தாழ்வான காருக்குள்ளிருந்து புல்லைத்தான் பார்ப்பீர்கள். நம் ஆர்.டி.ஓ. தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவின் பரப்பு கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், வடக்கு தெற்காக 350 கிலோமீட்டர் நீளம். நாலு நாளில் முழுவதையும் பார்க்க நினைத்தால் சாலையைத்தான் பார்ப்பீர்கள். ஸ்குகுசா, லோயர் சாபி, சதாரா என்ற மூன்று கேம்ப்களுக்குள் பயணத்தை அடக்கிக்கொள்வது புத்திசாலித்தனம். ஸ்குகுசாவிலிருந்து சாபி ஆற்றை ஒட்டி லோயர் சாபி போகும் சாலையில் சிறுத்தை தென்படுவது சகஜம். அந்தக் கேம்ப் வாசலிலேயே இருக்கும் சன்செட் அணையில் காரை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டால், நீர்யானைகளும் முதலைகளும் கண்ணெதிரே இருக்கும். சாயங்காலம் கேம்ப் வரவேற்பறைக்குப் போனால் ஒரு வரைபடப் பலகை இருக்கும். இன்று சிங்கம் எங்கே, காட்டுநாய் எங்கே, காண்டாமிருகம் தவிர மற்றது எங்கே என்று வண்ணக் குண்டூசிகள் குத்தியிருப்பார்கள். காண்டாமிருகத்தைக் குறிக்காததற்குக் காரணம் கள்ள வேட்டை. அந்தப் பலகையைச் சுற்றி ஊர் பேர் தெரியாதவர்கள் எல்லாம் துப்புக் கொடுத்துக்கொண்டு நிற்பார்கள். மறுநாள் பயணத்தை அங்கேயே திட்டமிட்டுவிடலாம்.

இதற்கு விலையும் உண்டு. குறித்த இடங்கள் தவிர வேறு எங்கும் காரை விட்டு இறங்கக் கூடாது, சாலையை விட்டு விலகக் கூடாது, மாலையில் வாயில் மூடும் முன் கேம்புக்குள் வந்துவிட வேண்டும், தாமதித்தால் அபராதம். சிங்கம் சாலையோரம் படுத்திருந்தால் அதற்குப் பின்னால் முப்பது கார்கள் மறித்துக்கொண்டு நிற்கும். வழிகாட்டி இல்லாததால் எதைப் பார்க்கிறோம் என்பதும் பாதி நேரம் புரியாது. அதற்கு ஒரு வழி, ஒரு நாள் மட்டும் கேம்ப்பே நடத்தும் அதிகாலை நடையிலோ இரவு வண்டியிலோ சேர்ந்துகொள்வது.

மாராவும் செரெங்கெட்டியும் வேறு கதை. அங்கே ஓட்டுநரே வழிகாட்டி. ரேடியோவில் மற்ற ஓட்டுநர்களோடு பேசியபடியே விலங்கைத் தேடிப் பிடிப்பார். கூரை திறக்கும் வண்டியில் எழுந்து நின்று பார்க்கலாம். மரமில்லாத வெட்டவெளி என்பதால் சிவிங்கிப்புலி ஓடுவதை ஆரம்பம் முதல் கடைசி வரை பார்க்க முடியும். க்ரூகரின் புதர்க்காட்டில் அதற்கு வாய்ப்பு மிகக் குறைவு. எல்லோரும் பேசும் அந்தப் பெரும் இடப்பெயர்வும் இந்த இரண்டில்தான்: பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட்கள் (மாட்டைப் போலத் தோன்றும் ஒரு மான் வகை), கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகள், மழையைத் தொடர்ந்து வருடம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன.

இங்கே ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். இந்த மந்தைகள் ஆற்றைக் கடக்கும் காட்சி மாராவுக்கு மட்டும் சொந்தமல்ல. மாரா ஆறு எல்லை தாண்டி வடக்கு செரெங்கெட்டியிலும் ஓடுகிறது. அங்குள்ள கோகடெண்டே பகுதியிலும் ஜூலை முதல் அக்டோபர் வரை அதே காட்சிதான். மாரா காப்பகம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர், செரெங்கெட்டி 14,700-க்கு மேல். வண்டிகளின் நெருக்கடி எங்கே அதிகம் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் பரப்பு பெரியது என்பதற்காக ஆற்றங்கரையும் காலியாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் சுற்றுலாப் பயணிகள் வண்டியை விட்டு இறங்கிக் கரையோரம் நின்று மந்தையின் வழியையே மறித்த காணொளி உலகம் முழுக்கப் பரவியது, அது செரெங்கெட்டியில் எடுத்தது.

கடக்கும் காட்சிக்காக மட்டும் போகிறவர்கள் பொறுமையை மூட்டை கட்டி எடுத்துப் போக வேண்டும். மந்தை கரையில் கூடும், புழுதி கிளம்பும், முன்னால் நிற்பவை சரிவில் இறங்கி நீரை முகர்ந்து பார்க்கும், பிறகு என்னவோ தோன்றி மொத்தமும் திரும்பி மேலே ஏறிவிடும். இப்படியே மூன்று மணி நேரம் போகலாம், ஒன்றும் நடக்காமல் அந்தி சாயலாம். ஒன்று குதித்துவிட்டால் மட்டும் மற்றவை நிற்காது. என்னைக் கேட்டால், இதைவிட பிப்ரவரியில் செரெங்கெட்டியின் தெற்கே என்டுட்டு சமவெளிக்குப் போவது மேல். அங்கே அப்போது குட்டி போடும் காலம். பிறந்த சில நிமிடங்களில் தள்ளாடி எழுந்து தாயோடு ஓடும் குட்டிகள், அவற்றைக் குறிவைக்கும் கழுதைப்புலிகள், சிவிங்கிப்புலிகள் என்று நாள் முழுக்க ஏதாவது நடந்துகொண்டே இருக்கும், ஒரே இடத்தில் காத்துக் கிடக்க வேண்டாம். பிள்ளைகளுக்கு அந்த மாதம் பள்ளி இருக்கும், அதுதான் சிக்கல்.

பணத்துக்கு வருவோம். மாராவில் வெளிநாட்டவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஆளுக்கு 200 டாலர், மற்ற மாதங்களில் 100. இது நுழைவுக் கட்டணம் மட்டும், அதுவும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு. 9 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு 50. ஆக, கணவன் மனைவி, இரண்டு பிள்ளைகள் செப்டம்பரில் போனால் தினமும் 500 டாலர் வாசலிலேயே போய்விடும். செரெங்கெட்டியில் வரியோடு 82 டாலர் சொச்சம். கேட்க மலிவாக இருக்கும். உள்ளே தங்குவதற்குத் தனிக் கட்டணம், தான்சானியாவின் அருஷா நகரிலிருந்து தரைவழியாகப் போனால் வழியில் இங்கோரோங்கோரோ காப்புப் பகுதியைக் கடப்பதற்கும் கட்டணம் என்று சேர்ந்துகொண்டே போகும். அந்தப் பயணம் ஏழெட்டு மணி நேரம் வேறு. நைரோபியிலிருந்து மாராவுக்கு ஐந்தாறு மணி நேரம்தான், சிறு விமானத்தில் முக்கால் மணி. க்ரூகரில் பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 ரேண்ட் (தென்னாப்பிரிக்க நாணயம்). சமையலறையோடு கூடிய குடில் எடுத்தால் சாப்பாட்டுச் செலவும் கையில் நிற்கும். கேம்ப் கடையில் அரிசியும் காய்கறியும் வாங்கி, வீட்டிலிருந்து கொண்டுபோன சாம்பார்ப் பொடியைப் போட்டு இறக்கிவிடலாம். கட்டணங்கள் அடிக்கடி மாறும், முன்பதிவுக்கு முன் ஒருமுறை சரிபாருங்கள்.

மாராவையும் செரெங்கெட்டியையும் ஒரே பயணத்தில் சேர்த்துவிடலாம் என்று வரைபடத்தைப் பார்த்தால் தோன்றும். விலங்குகளுக்குத்தான் அந்த எல்லை திறந்திருக்கிறது. நாம் இசெபானியா எல்லைச் சாவடி வழியாகச் சுற்றிப் போக வேண்டும். ஒரு முழு நாள் காலி. ஒரு வாரம்தான் இருக்கிறது என்றால் ஒன்றோடு நிறுத்துங்கள்.

நாலைந்து நாளே உண்டு, ஓட்டப் பயம், செலவைப் பற்றிக் கவலையில்லை என்பவர்களுக்கு மாரா. அதிலும் காப்பகத்துக்குள் தங்குவதைவிட, பக்கத்தில் மாசாய் மக்களின் நிலத்தில் இயங்கும் நபோய்ஷோ போன்ற கன்சர்வன்சி எனும் தனிக் காப்பகங்களில் தங்கினால் இரவுச் சஃபாரியும் நடையும் கிடைக்கும், வண்டிகளும் குறைவு. பத்து நாள் கையில் இருக்கிறது, பரந்த வெளியில் மணிக்கணக்கில் போவது அலுக்காது என்பவர்களுக்குச் செரெங்கெட்டி. குடும்பத்தோடு முதல்முறை, யாராவது இருவருக்கு நன்றாக ஓட்டத் தெரியும் என்றால் க்ரூகருக்குத்தான் என் ஓட்டு.

கென்யா போகிறவர்கள் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியை மறக்க வேண்டாம். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அது இல்லாமல் திரும்பி வந்தால் இங்கே தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மூன்று இடத்திலும் உண்டு, மாத்திரையை டாக்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாராவுக்குச் சிறு விமானத்தில் போவதாக இருந்தால் பெட்டி வேண்டாம். 15 கிலோவுக்குள், மடங்கக்கூடிய துணிப்பையாக எடுத்துப் போங்கள், ஸ்வெட்டருக்கும் அதில் இடம் இருக்கட்டும்.