பெல்ட்டா, கைப்பிடியா, வலையா? மாடி வேலைக்கு எதை முதலில் வாங்குவது

சின்ன காண்ட்ராக்டரிடம் "ஆள் விழாமல் இருக்க என்ன ஏற்பாடு?" என்று கேட்டுப் பாருங்கள். சிமெண்ட் ரூமில் ஆணியில் தொங்கும் சேஃப்டி பெல்ட்டைக் காட்டுவார். பாதிக்கு மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரித்திருக்காது.

பெல்ட் மோசமான பொருள் இல்லை. ஆனால் இடுப்பில் மட்டும் கட்டுவது இந்த வேலைக்கு ஆகாது. விழும்போது இழுக்கிற அடி முழுக்க வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். தோள், மார்பு, தொடை மூன்றையும் பிடிக்கிற முழு உடல் பெல்ட்தான் வேண்டும்.

அதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பெல்ட்டின் முதுகு வளையத்தில் மாட்டுகிற கயிறு 1.8 மீட்டர். அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும் மடிப்புப் பட்டை பிரிந்தால் இன்னும் 1.75 மீட்டர் வரை நீளும். முதுகு வளையத்திலிருந்து பாதம் வரை ஏறக்குறைய 1.5 மீட்டர். கையிருப்பாக 1 மீட்டர். கூட்டினால் ஏறக்குறைய 6 மீட்டர், அதாவது 20 அடி. கயிற்று நுனிக் கொக்கியைக் காலடி மட்டத்தில் மாட்டினால் கீழே அவ்வளவு காலி இடம் வேண்டும். நம் வீடுகளில் ஒரு தளம் 10 அடி. முதல் மாடி ஓரத்தில் நிற்கிற கொத்தனார் பெல்ட்டோடு போய்த் தரையில் மோதுவார்! தலைக்கு மேல் மாட்டினால் இந்த உயரம் நன்றாகக் குறையும். ஆனால் பாதி கட்டிய வீட்டில் தலைக்கு மேல் என்ன இருக்கிறது, வானம்தானே? அதனால் சாரக் கம்பிலும், நேற்று வைத்த ஜன்னல் கிரில்லிலும் மாட்டுகிறார்கள். விழுகிற ஆளின் இழுவையை இரண்டுமே தாங்காது.

பெல்ட் பிடித்து ஆள் தொங்கினாலும் ஆபத்து முடியவில்லை. தொடைப் பட்டை இறுக்கிக் கால் ரத்தம் மேலேறாது. சில நிமிடங்களில் இறக்கியாக வேண்டும். எந்த ஏணியை வைத்து, யார் இறக்குவது என்று கேட்டால் மேஸ்திரியிடம் பதில் இருக்காது.

இன்னொன்று, சித்தாள். சேலைக்கு மேல் ஆண் சட்டை போட்டு, தலையில் சும்மாடு வைத்துக் கலவைச் சட்டி தூக்குகிற பெண் தொடைப் பட்டையை எங்கே மாட்டுவார்? பெல்ட்டை வடிவமைத்தவர்கள் அவரை நினைக்கவே இல்லை.

கைப்பிடி விஷயத்தில் இந்தத் தொல்லை கிடையாது. ஸ்லாப் ஓரத்தில் இடுப்புக்கு மேலே, ஏறக்குறைய 1 மீட்டரில் ஒரு குழாய், நடுவில் ஒன்று, அடியில் 15 செ.மீ. உயரத்துக்குப் பலகை. இன்று காலைதான் வேலைக்கு வந்தவரையும் அது தடுக்கும். அடிப்பலகை இருந்தால் செங்கல் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாது. லிஃப்ட் குழிக்கும் மாடிப்படிக்கு விட்ட திறப்புக்கும் இதே தடுப்புதான். சின்ன ஓட்டைகளுக்கு நகராதபடி அடித்த பிளைவுட் மூடி.

கைப்பிடியின் எதிரி, மேலே பொருள் ஏற்றுகிற வேலை. செங்கல் ஏற்ற ஒரு பக்கம் கழற்றுவார்கள், திரும்ப மாட்ட மாட்டார்கள். அதற்கென்று ஓர் ஆளைப் பொறுப்பாக்காத சைட்டில் கைப்பிடி ஒரு வாரம் தாங்கினால் அதிசயம்.

விழுகிற ஆளைத் தாங்கிப் பிடிக்கிற வலை உயரமான அடுக்குமாடிக்குரியது. ஆனால் சாரத்தைச் சுற்றிக் கட்டுகிற பச்சை வலையைப் பார்த்து ஏமாற வேண்டாம். அது தூசிக்கும் சிதறலுக்கும் உள்ளது, ஆள் பாரத்துக்கு இல்லை.

இரண்டு மாடி வீடு என்றால் என் ஓட்டு கைப்பிடிக்குத்தான். சென்ட்ரிங், அதாவது கான்கிரீட் ஊற்றுகிற பலகை அச்சு, அடிக்கும்போதும் பிரிக்கும்போதும் ஓரத்தில் கைப்பிடி நிற்காது; அங்கே பெல்ட்டைத் தவிர வழியில்லை. அப்போதும் கயிற்றைக் குட்டையாக்கி, ஓரத்தை எட்டவே முடியாதபடி உள்பக்கத் தூண் ஒன்றில் சுற்றிக் கட்டுங்கள். அந்தத் தூண் எது என்பதை சென்ட்ரிங் ஆள் ஏறுவதற்கு முன்பே எஞ்சினியர் சுண்ணாம்பால் குறித்துக் கொடுக்க வேண்டும்.