டர்போ பொருத்த எவ்வளவு ஆகும்? காக்கி புக்கிட் பட்டறை போட்டுத் தந்த 14,006 வெள்ளிக் கணக்கு

என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் டர்போவை என் காருக்குப் பொருத்துவதற்காகச் சென்ற மாதம் சிங்கப்பூரில் இரண்டு பட்டறைகளில் விலை கேட்டேன். முதல் பட்டறையில் ஐந்தே நிமிடத்தில் 5,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றார்கள். காக்கி புக்கிட்டில் உள்ள இரண்டாவது பட்டறையிலோ, ஒரு முற்பகல் முழுவதும் காரைச் சோதித்துப் பார்த்துவிட்டு, 14,006 வெள்ளி 50 காசு என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் மனமாரப் பரிந்துரைப்பது அந்த இரண்டாவது பட்டறையைத்தான்.

கார் 2014-இல் பதிவான சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர் என்ஜின், கையால் மாற்றும் ஆறு கியர். அதன் 136 குதிரைத்திறன் முழுவதும் என்ஜின் நிமிடத்துக்கு 6,900 சுற்றில் ஓடும்போதுதான் கிடைக்கும் என்பதால், தீவு விரைவுச்சாலையில் (பிஐஇ) ஏறும் இணைப்புச் சாலையில் ஒவ்வொரு நாள் காலையும் என்ஜினை அலறவிட்டுத்தான் லாரிகளுக்கு நடுவே புகவேண்டியிருக்கிறது. சிங்கப்பூரின் விரைவுச்சாலைகளில் உச்சவரம்பே மணிக்கு 90 கிலோமீட்டர்தான். ஆகவே நான் விரும்பியது வேகத்தை அன்று, குறைந்த சுற்றிலேயே கிடைக்கும் இழுவையை. இங்கே கார் வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழான சிஓஇயை 2024-இல் ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தேன். ஐந்தாண்டுப் புதுப்பிப்பை மறுபடியும் நீட்டிக்க முடியாது என்பதால் இந்தக் காருக்கு இன்னும் 38 மாத ஆயுள்தான் இருக்கிறது.

முதல் பட்டறையின் 5,500 வெள்ளியில் டர்போ, என்ஜினின் புகையை டர்போவுக்குக் கொண்டுசெல்லும் மேனிஃபோல்டு, குழாய்கள், கூலி ஆகியவை மட்டுமே அடக்கம். பெட்ரோல் அளவை யார் திருத்துவது என்று கேட்டபோது, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதியைப் பற்றிக் கேட்டதற்கு, வருடாந்தரச் சோதனைக்கு முன்பு கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொள்ளலாம் என்று சாதாரணமாகச் சொன்னார்கள். தண்டனை வாங்கப்போவது காரின் உரிமையாளர் என்று தெரிந்திருந்தும் இப்படிச் சொல்கிறார்களே என்று எனக்குக் கோபமே வந்தது.

காக்கி புக்கிட் பட்டறை, இரண்டு கார்கள் மட்டுமே நிற்கக்கூடிய மேல்தள இடம். தலைமை மெக்கானிக் ஈப்போவிலிருந்து வந்த தமிழர். விலை சொல்வதற்கு முன்பு என்ஜினைப் பார்க்க வேண்டும் என்றும், அதற்கு 220 வெள்ளி ஆகும் என்றும் தொலைபேசியிலேயே தெரிவித்துவிட்டார். நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்து, அளவுமானியை என்னிடமும் காட்டினார். 195, 193, 196 பிஎஸ்ஐ என்று வந்த முள், நான்காவது சிலிண்டரில் 162-இல் நின்றுவிட்டது. அந்தத் துளையில் சிறிது என்ஜின் ஆயிலை ஊற்றி மறுபடி அளந்தபோது 184-க்கு ஏறியது. ஆயில் விட்டதும் அமுக்கம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது என்று பொருள்.

பிறகு வேறொரு காரிலிருந்து கழற்றிய பழைய டர்போ ஒன்றை என் கையில் கொடுத்தார். அதன் நடுவில் சுழலும் தண்டை விரலால் அசைத்தால் பக்கவாட்டில் ஆடியது. ஆயில் வரும் மெல்லிய குழாயின் உட்புறத்தில் கருகிய ஆயில் கல்லாக இறுகி, ஊசி நுழையும் அளவே வழி மிஞ்சியிருந்தது. கழிவுப் புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் அந்தத் தண்டு, ஆயில் படலத்தின் மேல் மிதந்துகொண்டுதான் ஓடுகிறது. ஆயில் தடைப்பட்டால் டர்போ போய்விடும். டர்போ விலையோடு ஆயில் குழாய்களுக்கும் ஏன் தனியாக ஒரு தொகை போட்டிருக்கிறார் என்பது அப்போது எனக்கு விளங்கியது.

மதிப்பீட்டுத் தாளில் டர்போ 2,300 வெள்ளிதான். மேனிஃபோல்டும் அதை ஒட்டிய புகைக்குழாயும் 1,850. அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் அதன் குழாய்களும் 1,250. காற்றை அமுக்கினால் அது சூடாகும், சூடான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறையும். 32 டிகிரி வெயிலில் நாம் ஓட்டும் காருக்கு இன்டர்கூலரில் மிச்சம் பிடிக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார். பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களும் பெட்ரோல் பம்பும் 980. “அண்ணே, 0.4 பார் அழுத்தத்துல காத்து கூடுதலா போனா பெட்ரோலும் அதே கணக்குல கூடணும். இப்ப இருக்கிற இன்ஜெக்டர் பத்தாது” என்றார். என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும், காரை நின்ற இடத்திலேயே ஓடவிட்டுத் திறனை அளக்கும் டைனோவில் ஏற்றி அதைச் சரிசெய்வதற்கும் 2,400. கிளட்ச் 1,350, ஆயில், குளிர்நீர்க் குழாய்கள், கேஸ்கெட்டுகள் 520, கூலி 2,200. எல்லாம் சேர்ந்து 12,850; அதன்மேல் 9 விழுக்காடு பொருள் சேவை வரி.

இவ்வளவு செலவழித்தாலும் ஏறக்குறைய 170 குதிரைத்திறனுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம் என்று அவரே சொன்னார். இந்த என்ஜினின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது, 11-க்கு 1. அந்த விகிதத்தில் காற்றை மேலும் திணித்தால் பெட்ரோல் தானாகவே முன்கூட்டி வெடித்துப் பிஸ்டனைப் பதம் பார்த்துவிடும் என்பதால், 98 ஆக்டேன் பெட்ரோல் போட்டாலும் அடக்கித்தான் வைக்க வேண்டும். சுசுகி நிறுவனமே 2017-இல் அடுத்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டில் டர்போ வைத்தபோது, என்ஜினை 1.4 லிட்டராகச் சுருக்கி அமுக்க விகிதத்தை 9.9-ஆகக் குறைத்தது. குதிரைத்திறன் 140 மட்டுமே, ஆனால் என் காரில் 4,400 சுற்றில் வரும் 160 நியூட்டன் மீட்டர் இழுவைக்குப் பதிலாக, அதில் 2,500 சுற்றிலேயே 230 கிடைக்கிறது. நான் தேடியது அதைத்தான். பிறகு மாட்டும் டர்போவால் அதே இயல்போடு அதைத் தர இயலாது என்பதை வாடிக்கையாளரை இழக்கும் அபாயம் இருந்தும் ஒளிக்காமல் சொன்னதற்காக அந்தத் தம்பியை மதிக்கிறேன்.

நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி கைக்கு வரும்வரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றமாட்டோம் என்று தாளிலேயே எழுதியிருக்கிறார்கள். காப்புறுதி நிறுவனத்திடமும் முன்கூட்டியே தெரிவிக்கச் சொன்னார்கள். சாலை வரி என்ஜினின் கொள்ளளவை வைத்து வருவதால் அதில் மாற்றம் இல்லை.

குறைகளும் உண்டு. பத்து மணிக்கு வரச்சொல்லிவிட்டு பத்தே முக்காலுக்குத்தான் காரைத் தொட்டார்கள். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. எந்தப் பொருள் எந்தத் தயாரிப்பு என்பதையும் தாளில் குறிக்கவில்லை. நான் கேட்ட பிறகே சேர்த்தார்கள். இவ்வளவு பெரிய தொகைக்கு அது முதலிலேயே இருந்திருக்க வேண்டும்.

14,006 வெள்ளியை 38 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் ஏறக்குறைய 369 வெள்ளி வருகிறது, தேய்ந்த பிஸ்டன் வளையத்தின் செலவு அதில் சேரவில்லை. டர்போவை விட்டுவிட்டேன். நான்காவது சிலிண்டரை மட்டும் சரிசெய்ய அடுத்த மாதம் இரண்டாவது வாரத்தில் நாள் குறித்திருக்கிறேன். சோதனைக்குக் கொடுத்த 220 வெள்ளியை அந்த வேலையின் பில்லில் கழித்துக்கொள்வதாகத் தாளின் அடியில் எழுதிக் கையெழுத்திட்டுத் தந்திருக்கிறார்கள்.