மணிலா சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகம்: சுற்றிப் பார்க்க அரை நாள் போதுமா?

மணிலாவுக்குப் போகிறவர்கள் இன்ட்ராமுரோஸ் கோட்டை நகரம், ரிசால் பூங்கா, ஒரு பெரிய மால் என்று முடித்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். சம்பாலோக் பகுதியில், எஸ்பான்யா சாலையோரம் 21.5 ஹெக்டேரில் இருக்கிற சாந்தோ தோமாஸ் பல்கலைக்கழகத்துக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஸ்பானியர் ஆட்சி, அமெரிக்கர் ஆட்சி, ஜப்பானியப் போர்க்கால முகாம் என்று பிலிப்பைன்ஸின் நானூறு ஆண்டுகளையும் ஒரே வளாகத்துக்குள் பார்த்துவிடலாம். ஆனால் நேராக அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டு வெளியே வந்தால் பாதிகூடக் கிடைக்காது. இங்கே இருப்பதிலேயே பெரிய காட்சிப்பொருள் முதன்மைக் கட்டடம்தான். அதைக் கடந்துதான் எல்லோரும் உள்ளே போகிறார்கள், நின்று பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் ஒரு விஷயம். நம்மூர்க்காரர்கள் பெயரைக் கேட்டதும் மயிலாப்பூர் சாந்தோமை நினைத்துக்கொள்வார்கள். இது அந்த அப்போஸ்தலர் தோமா இல்லை. 13ஆம் நூற்றாண்டு இத்தாலியத் தத்துவ அறிஞர், டொமினிக்கன் சபைத் துறவி தோமா அக்குவினாஸ். பல்கலைக்கழகத்தை இன்றுவரை நடத்துவதும் அதே டொமினிக்கன் சபைதான்.

சுற்றுவதை இன்ட்ராமுரோஸில் தொடங்குவது நல்லது. பல்கலைக்கழகம் பிறந்த இடம் அது. மணிலாவின் மூன்றாவது பேராயர் மிகெல் தே பெனவிதெஸ் 1605இல் இறக்கும்போது 1,500 பேசோ பணத்தையும் தன் புத்தகங்களையும் ஒரு கல்லூரி தொடங்குவதற்காக எழுதிவைத்தார். 1611 ஏப்ரல் 28இல் கல்லூரி உருவானது. 1645இல் பாப்பரசர் பத்தாம் இன்னொசென்ட் அதைப் பல்கலைக்கழகமாக உயர்த்தினார். இந்த இரண்டு ஆண்டுகளையும் பிரித்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஹார்வர்டைவிட 25 ஆண்டு மூத்தது என்று சொல்வது 1611ஐ வைத்துத்தான். அப்போது இது கல்லூரி. செபு நகரத்தின் சான் கார்லோஸ் பல்கலைக்கழகம் 1595 என்று இன்னும் பழைய கணக்கு ஒன்று காட்டுகிறது. ஆனால் அங்கே முதலில் இருந்த இயேசு சபைக் கல்லூரி, 18ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் அந்தச் சபையை வெளியேற்றியபோது மூடப்பட்டது. ஒரே நிறுவனமாகத் தொடர்ந்து வந்தது எது என்று கேட்டால் சாந்தோ தோமாஸ் பக்கம்தான் வாதம் வலுவாக இருக்கிறது.

இன்ட்ராமுரோஸில் இன்று பழைய கட்டடம் கிடையாது. 1945 பிப்ரவரியில் மணிலாப் போரில் தரைமட்டமாகிவிட்டது. சாந்தோ தோமாஸ் சதுக்கத்தில் பெனவிதெஸ் சிலையின் பிரதி ஒன்றுதான் நிற்கிறது. மூலச் சிலை பிரான்ஸில் வார்த்த வெண்கலம்; போருக்குப் பிறகு அதைச் சம்பாலோக் வளாகத்துக்குக் கொண்டுபோய் முதன்மைக் கட்டடத்துக்கு எதிரே வைத்துவிட்டார்கள். சதுக்கத்தில் பத்து நிமிடம் போதும். பேராலயத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

இங்கே நிற்கும்போது நமக்கு நெருக்கமான ஒரு செய்தி. 1762இல் மணிலாவைப் பிடித்த பிரிட்டிஷ் படை கப்பலேறியது சென்னையில். வில்லியம் டிரேப்பர் தலைமையில் போன அந்தப் படையில் கம்பெனியின் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள். அவர்களில் சிலர் திரும்பி வராமல் மணிலாவுக்குக் கிழக்கே கைந்தா ஊரில் குடும்பம் அமைத்துத் தங்கிவிட்டார்கள். நகரத்தைக் காக்கப் பல்கலைக்கழக மாணவர்களும் அணி திரண்டார்கள். அந்த விசுவாசத்துக்காக ஸ்பெயின் அரசர் மூன்றாம் கார்லோஸ் 1785இல் 'அரச' என்ற பட்டம் கொடுத்தார். 1902இல் பாப்பரசர் பதின்மூன்றாம் லியோ கொடுத்த 'பாப்பரசருக்குரிய' என்ற பட்டமும் சேர்ந்துதான் இன்றைய நீண்ட அதிகாரப்பூர்வப் பெயர்.

இன்ட்ராமுரோஸிலிருந்து சம்பாலோக் போக, சென்ட்ரல் டெர்மினலில் எல்.ஆர்.டி. 1 என்ற நகர ரயிலில் ஏறி இரண்டாவது நிலையமான தொரோத்தியோ ஹோசேயில் இறங்குங்கள். அங்கிருந்து நடைபாலம் வழியாக ரெக்தோ நிலையம் போய், எல்.ஆர்.டி. 2இல் ஒரே ஒரு நிலையம் தள்ளி லெகார்தா. இரண்டு ரயிலுக்கும் 'பீப்' என்ற ஒரே பயண அட்டை செல்லும். லெகார்தாவிலிருந்து நடக்கலாம், கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறைய ஆகும். வெயில் அதிகமாக இருந்தால் கியாப்போ பகுதியிலிருந்து எஸ்பான்யா வழியாகப் போகிற ஜீப்னி, அதாவது பலர் சேர்ந்து ஏறும் சிறு வண்டி, வசதி. பல்கலைக்கழகத்தின் பேச்சுவழக்குப் பெயரான 'உஸ்தே' என்று சொன்னால் எல்லா ஓட்டுநருக்கும் தெரியும். முழுப் பெயரைச் சொன்னால்தான் குழம்புவார்கள்.

எஸ்பான்யா பக்க வாயிலை ஒட்டி நிற்பது நூற்றாண்டுகளின் வளைவு. இன்ட்ராமுரோஸ் கட்டடத்தின் இடிபாட்டிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே எழுப்பிய பழைய வாசல் இது. இரண்டு பக்கமும் சுற்றி வந்து பாருங்கள். ஒரு முகம் பழைய கல், மறு முகம் அதைப் பார்த்துப் பின்னாளில் செய்த பிரதி. கல்லின் அரிப்பையும் செதுக்கலின் விளிம்பையும் பார்த்தாலே எது எது என்று பிடிபடும். புதிதாகச் சேரும் மாணவர்கள் இந்த வளைவின் வழியாக உள்ளே நுழைவார்கள், படிப்பு முடிந்த பிறகுதான் இதே வழியாக வெளியேறுவார்கள். இடையில் இதைக் கடந்து வெளியே போனால் பட்டம் கிடைக்காது என்று மாணவர்களிடையே நம்பிக்கை. கூட வரும் மாணவ நண்பரை 'வா, இப்படியே போகலாம்' என்று இழுக்காதீர்கள்.

அடுத்தது முதன்மைக் கட்டடம். நேரத்தை இங்கேதான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும். வடிவமைத்தவர் ரோக்கே ருவான்யோ. டொமினிக்கன் குருவும் பொறியாளருமானவர். 1923 செப்டம்பர் 1இல் ஜப்பானின் காந்தோ நிலநடுக்கம் தோக்கியோவை அழித்தபோது, ஃபிராங்க் லாய்ட் ரைட் கட்டிய இம்பீரியல் ஹோட்டல் இடியாமல் நின்றது. அதைப் போலப் பிரிந்து நிற்கும் பகுதிகளாகக் கட்டுவது என்று ருவான்யோ முடிவு செய்தார். 1924இல் வேலை தொடங்கி 1927இல் கட்டடம் திறந்தது. வெளியிலிருந்து ஒரே பாறையைப் போலத் தெரிகிற இது உண்மையில் 40 தனித்தனிக் கட்டமைப்புகள், நடுவில் இரண்டு முற்றங்கள்.

ஏன் இப்படி? நீளமான ஒரே கட்டடம் நிலநடுக்கத்தில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஆடாது. ஒரு பக்கம் ஒரு திசையில் போகும்போது மறு பக்கம் எதிர்த்திசையில் திரும்பும். முற்றத்தைச் சுற்றிய மூலைகள் முறுக்கிக்கொள்ளும். விரிசல் அங்கேதான் விழும். பகுதிகளைப் பிரித்து இடைவெளி விட்டுவிட்டால் ஒவ்வொன்றும் தன் போக்கில் ஆடிவிட்டு நின்றுவிடும். இந்த முறையில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. பின்னாளில் பழுது பார்க்கிறவர்கள் இடைவெளியை வெறும் பிளவு என்று நினைத்துச் சிமென்ட் போட்டு அடைத்துவிட்டால், தனித்தனியாக ஆட வேண்டியவை ஒன்றையொன்று மோதும். தாழ்வாரத்தில் நடக்கும்போது தரையிலும் சுவரிலும் குறுக்காக ஓடும் இணைப்புக் கோடுகளைத் தேடுங்கள். தூண்கள் பக்கத்தில் பக்கத்தில் இரட்டையாக நிற்கிற இடங்களில் எளிதாகத் தெரியும். 1968 ஆகஸ்ட் 2 நிலநடுக்கத்தில் இதே மணிலாவில் ரூபி டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பு சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அன்று இந்தக் கட்டடத்துக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அது அசையாமல் நின்றது என்பதைவிட, சரியாக அசைந்து நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

அண்ணாந்து பார்த்தால் மொட்டைமாடி விளிம்பில் சிலைகள். கோபுரத்தின் மேல் விசுவாசம், நம்பிக்கை, அன்பு. கீழே அகுஸ்தீன், அக்குவினாஸ், அரிஸ்டாட்டில், ஷேக்ஸ்பியர், லோப்பே தே வேகா என்று புனிதர்களும் தத்துவ அறிஞரும் நாடகாசிரியர்களும் ஒரே வரிசையில். செய்தவர் இத்தாலியச் சிற்பி ஃபிரான்செஸ்கோ ரிக்கார்தோ மொந்தி. சிலைகள் போருக்குப் பிறகு வைத்தவை. கட்டடத்தின் அடியில் நின்றால் இவை தெரியாது. பெனவிதெஸ் சிலைக்கும் வளைவுக்கும் நடுவில் நின்று பாருங்கள், சிறிய பைனாகுலர் இருந்தால் இன்னும் நல்லது.

இதே தாழ்வாரங்களில் 1942 ஜனவரியிலிருந்து 1945 பிப்ரவரி வரை ஜப்பானிய ராணுவம் அமெரிக்க, பிரிட்டிஷ் குடிமக்களை அடைத்துவைத்தது. ஆள் எண்ணிக்கை நாலாயிரத்தை ஒட்டி இருந்தது. வகுப்பறைகளில் படுக்க இடம் போதாமல் முற்றங்களிலும் மைதானத்திலும் மூங்கில், கீற்றுக் குடிசைகள் போட்டுக்கொண்டார்கள். முதல் இரண்டு ஆண்டு கைதிகளின் குழுவே பள்ளி, மருத்துவம், சமையல் எல்லாவற்றையும் நடத்தியது. 1944 பிப்ரவரியில் முகாம் நேரடியாக ராணுவத்தின் கைக்குப் போனபிறகுதான் உணவு சுருங்கிப் பட்டினிச் சாவுகள் வந்தன. 1945 பிப்ரவரி 3 இரவு அமெரிக்க டாங்கிகள் வாயிலை உடைத்துக்கொண்டு நுழைந்தன. காவலர்கள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைப் பிணையாக வைத்துக்கொண்டு கல்வியியல் கட்டடத்துக்குள் பதுங்கினார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு 5ஆம் தேதி காலை அந்தக் காவலர்களை அமெரிக்கர்கள் வெளியேற அனுமதித்தார்கள். அந்தக் கட்டடம் இன்று பல்கலைக்கழக மருத்துவமனை. மீட்புக்குப் பிறகும் ஜப்பானிய பீரங்கிக் குண்டுகள் முதன்மைக் கட்டடத்தில் விழுந்தன. மூன்று ஆண்டு முகாம் வாழ்க்கையைத் தாங்கியவர்களில் சிலர் அப்போதுதான் இறந்தார்கள். வளாகத்தைச் சுற்றுகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். தெரியாமல் போனால் அந்த முற்றம் வெறும் முற்றமாகத்தான் தெரியும்.

கலை, அறிவியல் அருங்காட்சியகம் முதன்மைக் கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. 1871இல் மருத்துவம், மருந்தியல் மாணவர்களுக்கான காட்சிக்கூடமாகத் தொடங்கியது. நாட்டில் இன்றும் இயங்குகிற அருங்காட்சியகங்களில் மிகப் பழையது. பதம் செய்த விலங்குகளும் பறவைகளும், கனிமங்கள், நாணயங்கள், சீனப் பீங்கான், மரத்தாலும் தந்தத்தாலும் ஆன புனிதர் உருவங்கள், ஓவியங்கள் என்று வகைவகையாகப் பிரித்திருக்கிறார்கள். பொருளைத் தேடி வருகிறவருக்கு இந்த அடுக்கு வசதி. பல்கலைக்கழகத்தின் வரலாற்றைத் தேடி வருகிறவருக்கு வசதியில்லை, காலவரிசையை நாமேதான் கோத்துக்கொள்ள வேண்டும். நேரம் குறைவு என்றால் புனிதர் உருவங்களையும் நவீன ஓவியங்களையும் மட்டும் பாருங்கள். விக்தோரியோ எதாதெஸ், கார்லோஸ் பிரான்சிஸ்கோ, காலோ ஒகாம்போ ஆகியோர் பிலிப்பைன்ஸ் நவீன ஓவியத்தின் தூண்கள். மூவருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தோடு தொடர்பு உண்டு.

விலங்குகளும் கருவிகளும் இருக்கும் பகுதியில் இன்னொன்றையும் நினைத்துக்கொள்ளலாம். பிலிப்பைன்ஸின் தேசிய வீரர் ஹோசே ரிசால் இந்தப் பல்கலைக்கழகத்தில், அது இன்ட்ராமுரோஸில் இருந்தபோது, மருத்துவம் படித்து, 1882இல் படிப்பை முடிக்காமல் ஸ்பெயினுக்குப் போனவர். 1891இல் வெளியான தன் இரண்டாவது நாவலில் இந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் வகுப்பைக் கடுமையாக வர்ணித்திருக்கிறார்: கருவிகள் கண்ணாடிப் பெட்டிக்குள் பளபளப்பாக இருக்கும், மாணவர் கையில் மட்டும் வராது. ரிசாலைக் கொண்டாடும் பல்கலைக்கழகமும் இதுதான், அவர் குற்றம் சாட்டிய பல்கலைக்கழகமும் இதுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் வரலாறு சரியாகப் பிடிபடும்.

அக்கறையுள்ள வாசகர்களுக்கு அருங்காட்சியகத்தைவிட நூலகம்தான் பெரிய புதையல். பெனவிதெஸ் நூலகத்தின் பாரம்பரியப் பிரிவில் யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸின் 1492இல் அச்சான நூலும், வானியலாளர் கோப்பர்னிகஸின் நூலின் 1543 முதல் பதிப்பும் இருக்கின்றன. ஆவணக் காப்பகத்தில், பிலிப்பைன்ஸின் பழைய பைபாயின் எழுத்தில் 1613, 1625ஆம் ஆண்டுகளில் எழுதிய இரண்டு நில விற்பனைப் பத்திரங்கள். 2014இல் அவை தேசியப் பண்பாட்டுச் செல்வமாக அறிவிக்கப்பட்டன. இவற்றைப் போகிற போக்கில் காட்டமாட்டார்கள். ஆய்வு நோக்கத்தைக் குறிப்பிட்டுச் சில வாரங்களுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள். எந்த நூல், எதற்காக என்று தெளிவாக எழுதினால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

இது வகுப்புகள் நடக்கிற பல்கலைக்கழகம் என்பதை மறக்க வேண்டாம். மேல்தளங்களில் வகுப்பும் அலுவலகங்களும் இருப்பதால் நினைத்த இடத்துக்கு ஏற முடியாது. வாயிலில் புகைப்படத்தோடு கூடிய அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டைக் கையை விட்டுக் கொடுக்காமல் இருக்க இன்னொரு அட்டையும் எடுத்துப்போங்கள். அரைக்கால் சட்டை, கையில்லாத மேலாடை, ரப்பர் செருப்பு வேண்டாம். குழுவாகப் போனால் முன்கூட்டியே எழுதி வழிகாட்டியோடு போவதுதான் சரி. புனித வாரம், கிறிஸ்துமஸ் விடுமுறை இரண்டையும் தவிருங்கள். ஜனவரி 9 கியாப்போவில் கருப்பு நசரேயன் என்ற இயேசு சிலையின் பவனி. அன்று அந்தப் பக்கமே போக முடியாது.

மழைதான் உண்மையான தொல்லை. ஜூன் முதல் அக்டோபர் வரை, இரண்டு மணி நேரம் விடாமல் பெய்தால் எஸ்பான்யா சாலையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் ஏறும். தாழ்வான பகுதி, வடிய வேண்டிய எஸ்தேரோ ஓடைகள் குப்பையும் ஆக்கிரமிப்புமாகக் குறுகிவிட்டன. 2009 செப்டம்பர் 26இல் ஒந்தோய் புயலின்போது மாணவர்கள் வளாகத்திலேயே இரவைக் கழிக்க வேண்டியிருந்தது. மழைக்காலத்தில் போனால் காலையிலேயே போய் மதியத்துக்குள் கிளம்பிவிடுங்கள். ஜீப்னிகள் நின்றுவிட்டால் கார் கூப்பிட்டாலும் வராது. தண்ணீர் ஏறுவதற்கு முன்பே லெகார்தா நிலையத்துக்கு நடந்துவிட வேண்டும்.

சாப்பாட்டுக்கு வளாகத்தின் பின்பக்கம் தாப்பித்தான் தெருவும், பக்கவாட்டில் பி. நோவால் தெருவும். மாணவர்களை நம்பி நடக்கிற கடைகள், விலை குறைவு. மாட்டிறைச்சி, பூண்டுச் சோறு, முட்டை சேர்ந்த தாப்சிலோக் வயிறு நிறையும். சைவக்காரர்களுக்குச் சிரமம்தான். காய்கறிதானே என்று பினாக்பெட் வாங்கிவிடாதீர்கள், அதில் இறால் விழுது கலந்திருக்கும். பழமும் ரொட்டியும் கையில் எடுத்துப்போவது உத்தமம்.