குடல் பை நோய்க்கு மாதாமாதம் மெசலமைன் வாங்குகிறவர்கள் படிக்கவும்

அப்பாவுக்கு 67 வயது. போன ஆண்டு சித்திரையில் இடது அடிவயிற்றில் வலி, கூடவே காய்ச்சல். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம், பெயர் வேண்டாம். சி.டி. ஸ்கேனில் டைவர்டிகுலைட்டிஸ் என்று வந்தது, அதாவது பெருங்குடல் சுவர் சின்னச் சின்னப் பைகளாகப் பிதுங்கி, அதில் ஒன்று அழற்சியாகியிருந்தது. ஆன்டிபயாட்டிக் போட்டு ஐந்தே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டில் மெசலமைன் 1.2 கிராம், காலையில் இரண்டு என்று இருந்தது. "இது குடல் வீக்கத்துக்கு, விடாம சாப்பிடணும், விட்டா திரும்ப வரும், அப்புறம் ஆபரேஷன்தான்" என்றார் டாக்டர். ஆபரேஷன் என்று காதில் விழுந்த பிறகு யாருக்குக் கேள்வி கேட்கத் தோன்றும்? மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம், அவர்கள் மருந்துக்கடையிலேயே, பத்து மாதம் வாங்கினோம். சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும் மருந்து இது, தொடங்குவதற்கு முன்பும் சாப்பிடும் காலத்திலும் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்க்க வேண்டும். பத்து மாதத்தில் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை.

நடுவில் முழங்கால் வலி. அதே மருத்துவமனையில் இரண்டாவது மாடி எலும்பு டாக்டர் டைக்ளோபினாக் எழுதினார். அப்பாவின் ஃபைல் அவர் மேசை மேல்தான் கிடந்தது, திறந்தால் முதல் தாளே குடல் ஸ்கேன் ரிப்போர்ட், அவர் திறக்கவே இல்லை. அப்பா இரண்டு மாத்திரையையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்தார். இது வயிற்று வீக்கத்துக்கு, இது கால் வீக்கத்துக்கு என்று எங்களுக்கே காட்டுவார்.

மாசியில் ஒருநாள் விடியற்காலை கழிப்பறையிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டார். வலியே இல்லை, ஆனால் தரையெல்லாம் கட்டி கட்டியாக ரத்தம். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றினார்கள்.

அங்கே இருந்த டாக்டரம்மா டப்பாவைக் கொட்டி ஒவ்வொரு அட்டையாகப் படித்துவிட்டு டைக்ளோபினாக்கைத் தனியே எடுத்து வைத்தார். குடலில் பை இருப்பவர்களுக்கு இந்த வகை வலி மாத்திரைகளால் ரத்தக்கசிவும் குடலில் ஓட்டை விழும் ஆபத்தும் கூடும் என்றார். அப்பாவுக்கு ரத்தம் போனது இதனால்தான் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் கொடுத்திருக்கவே கூடாது. மெசலமைனையும் நிறுத்தச் சொன்னார். அது அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு, அதாவது பெருங்குடலின் உள்சுவரில் புண் வரும் நாள்பட்ட வேறொரு நோய்க்கு, நல்ல மருந்து. டைவர்டிகுலைட்டிஸ் திரும்ப வராமல் தடுக்குமா என்று மொத்தம் 1,182 பேரை வைத்து இரண்டு ஆண்டு பார்த்த இரண்டு பெரிய ஆய்வுகள் 2014-லேயே வெளிவந்துவிட்டன, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களைவிட மெசலமைன் சாப்பிட்டவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. இதற்கு இந்த மருந்து வேண்டாம் என்று அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கமும் 2015-ல் சொல்லிவிட்டது.

உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு, என்ன டெஸ்ட் என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். மூட்டு வலிக்குச் சாப்பிடுவது உட்பட எல்லா அட்டைகளையும் கையில் கொண்டு போங்கள். கொலைட்டிஸ் உள்ளவர்கள் இதைப் படித்துவிட்டு மெசலமைனை நீங்களாக நிறுத்தாதீர்கள், இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்களும் அதுவும் டைக்ளோபினாக் வகைதானே என்று அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பில், சீட்டு எல்லாம் எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போய் விளக்கம் கேட்டேன். எழுதிக் கொடுத்த டாக்டர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றார்கள். கொடுத்த புகார் மனுவுக்கு இன்றுவரை பதில் இல்லை.