பினாங்கில் தமிழ்ப் புத்தகம் வடிவமைக்கக் கொடுக்கிறவர்கள் கவனத்துக்கு: எழுத்துருவில் ஏமாற்றுகிறார்கள்

அப்பா எழுதிய தோட்டத்து நினைவுகளைப் புத்தகமாக்கலாம் என்று ஜார்ஜ்டவுனில் ஒரு வடிவமைப்புக் கடையில் கொடுத்தோம். பணமும் போய், வேலையும் கெட்டு, இப்போது வழக்கில் நிற்கிறது. கடையின் பெயரை எழுதப் போவதில்லை, விசாரணை இன்னும் முடியவில்லை. ஆனால் அவர்கள் எந்தெந்த இடத்தில் கை வைத்தார்கள் என்பதை விவரமாகச் சொல்கிறேன். தைப்பூச மலர், பள்ளி ஆண்டு மலர், நினைவு மலர் என்று நம்மவர்கள் வருடம் முழுக்க இந்த மாதிரிக் கடைகளுக்குப் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அப்பா செபராங் பிறையில் தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு தானே கணினி முன் உட்கார்ந்து எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார், அப்போது கையில் கிடைத்த பாமினி எழுத்துருவில். சதாபிஷேகத்துக்கு வரும் சொந்தபந்தங்களுக்குக் கொடுக்க முந்நூறு பிரதி வேண்டும். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பேரப்பிள்ளைகள் கைப்பேசியில் படிக்க ஒரு பிடிஎஃப் வேண்டும். அத்தைக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது. கைப்பேசியே வாசித்துக் காட்டினால் அவர் கேட்பார். அதனால் பிடிஎஃப்பில் இருப்பது உண்மையான எழுத்தாக இருக்க வேண்டும், படமாக இருக்கக் கூடாது.

இதையெல்லாம் முன்பணம் கொடுக்கும் முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினேன். பாமினியை யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்து முறைக்கு, மாற்ற வேண்டும், எழுத்துருக்களைப் பிடிஎஃப்புக்குள் பதித்துத் தர வேண்டும், வேலை முடிந்ததும் திருத்தக்கூடிய மூலக்கோப்பையும் தர வேண்டும். "கண்டிப்பா அக்கா, நாங்க எப்பவும் அப்படித்தான் செய்வோம்" என்று பதில் வந்தது. வடிவமைப்புக்கு மட்டும் 2,400 வெள்ளி (ரிங்கிட்) பேசினோம். பாதியை அன்றே கட்டினோம்.

அவர்கள் கொடுத்த முதல் பிடிஎஃப் அவர்கள் கடைக் கணினியில் அழகாகத்தான் இருந்தது. பட்டர்வொர்த்தில் அச்சடிக்கும் சீனர் ஒருவரிடம் அது போனபோதுதான் குட்டு வெளிப்பட்டது. மாதிரிப் பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினார். பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுநடுவே அரைப்புள்ளிகள். பினாங்குப் பாலம் திறந்ததைப் பற்றி அப்பா எழுதிய பக்கத்தில் 1985 என்ற எண் மட்டும்தான் படிக்கிற மாதிரி இருந்தது. அந்த மனிதருக்குத் தமிழ் ஒரு எழுத்துகூடத் தெரியாது. ஆனால் கோப்பைத் திறந்து எழுத்துருப் பட்டியலைப் பார்த்துவிட்டு, "ஃபான்ட் தாக் மாசுக்" (எழுத்துரு உள்ளே வரவில்லை) என்று மலாயில் உடனே சொல்லிவிட்டார்.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில்தான் கடைக்காரர்கள் நம்மைச் சுற்றலில் விடுகிறார்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வேடம் போட்டுவிட்ட மாதிரி. ‘தமிழ்’ என்று அடித்தால் கோப்புக்குள் பதிவாவது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. மெய்யெழுத்தின் புள்ளிதான் அந்த அரைப்புள்ளி. எண்களுக்கு மட்டும் வேடம் கிடையாது, அதனால்தான் 1985 தப்பித்தது. பிடிஎஃப்புக்குள் எழுத்துருவைப் பதித்திருந்தால் எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழாகவே தெரியும். பதிக்கவில்லை என்றால், திறக்கிற கணினி தன்னிடம் இருக்கும் வேறொரு எழுத்துருவைப் போட்டுக்கொள்ளும். கடைக் கணினியில் பாமினி இருந்தது, அதனால் சரியாகத் தெரிந்தது. அச்சகத்தில் இல்லை. கோப்பின் அளவைக் குறைக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் எழுத்துரு வெளியே விடப்படுவதுண்டு. இங்கேயும் அதுதான் நடந்திருக்கிறது. அதைவிட முக்கியம், யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன் என்று பணம் வாங்கியவர் ஒரு பக்கத்தைக்கூட மாற்றவில்லை என்பது இதிலேயே தெரிந்துவிட்டது.

கடைக்காரரைக் கேட்டால், "அச்சகக்காரர் கம்ப்யூட்டர்ல பான்ட் இல்லக்கா, நான் அனுப்பி வைக்கிறேன், போட்டுக்கச் சொல்லுங்க" என்றார். அச்சகத்துக்குச் சரி, பேரப்பிள்ளைகளின் கைப்பேசி ஒவ்வொன்றிலும் யார் போய் எழுத்துரு போடுவது? பிடிஎஃப் என்ற வடிவத்தை அடோபி நிறுவனம் 1993இல் கொண்டுவந்ததே, எந்தக் கணினியில் திறந்தாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நீண்ட நாள் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்கு 2005இல் பிடிஎஃப்/ஏ என்ற தரம் வந்தது. அதில் எழுத்துருவைப் பதிப்பது கட்டாயம். ஆக, நான் ஒன்றும் புதுமையாகக் கேட்கவில்லை.

சத்தம் போட்ட பிறகு இரண்டாவது கோப்பு வந்தது. கூடவே ஒரு பில்லும் வந்தது. "பான்ட் லைசென்ஸ் 380 வெள்ளி, ஒரு வருஷத்துக்கு" என்று அதில் ஒரு வரி. என்ன எழுத்துரு என்று கேட்டதற்கு, "இன்டர்நேஷனல் பான்ட் அக்கா, இந்தியாவுல இருந்து வாங்கணும்" என்றார். கோப்பின் எழுத்துருப் பட்டியலைப் பார்த்தேன். ஆறு ஆங்கிலப் பெரிய எழுத்துகள், ஒரு கூட்டல் குறி, அதன் பின்னால் நோட்டோ செரிஃப் தமிழ் என்று இருந்தது. ஆறெழுத்து முன்னொட்டு இருந்தால், பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் உள்ளே பதித்திருக்கிறார்கள் என்று பொருள். அது சரிதான். ஆனால் நோட்டோ கூகுள் வெளியிட்ட இலவச எழுத்துரு. அதன் திறந்த உரிமம் அச்சுக்கும் பதிப்பதற்கும் தாராளமாக இடம் தருகிறது. அதைக் கொண்டு செய்த புத்தகத்தின் மேல் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. யாருக்கும் ஒரு சென்கூடக் கட்ட வேண்டாம். காசு கொடுத்து வாங்க வேண்டிய நல்ல தமிழ் எழுத்துருக்களும் உண்டு, அவற்றை உருவாக்கியவர்களுக்கு அந்தக் காசு போய்ச் சேர வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். இல்லாத உரிமத்துக்குப் பில் போடுவது அப்பட்டமான திருட்டு.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எழுத்துக்கு அவர் செய்ததுதான் தாங்க முடியவில்லை.

மொத்தக் கோப்பையும் ஒரே தட்டில், பாமினியை யூனிகோடாக்கும் ‘மாற்றி’ மென்பொருளில் போட்டு எடுத்திருக்கிறார். அப்பா இடையிடையே ஆங்கிலத்திலும் மலாயிலும் பெயர்களை எழுதியிருந்தார். 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியதைச் சொல்லும் இடத்தில் பள்ளியின் பெயரை ஆங்கிலத்தில் போட்டிருந்தார். மாற்றிக்கு அது ஆங்கிலம் என்று தெரியாது, அதையும் பாமினி என்றே எடுத்துக்கொள்ளும். அந்தப் பெயர் வாயில் நுழையாத தமிழ் எழுத்துக் குவியலாகிவிட்டது. தோட்டங்களின் பெயர், துரைமார் பெயர், ரயில் நிலையத்தின் பெயர், எல்லாம் அதே கதிதான்.

அடுத்தது இன்னும் நுணுக்கமானது. பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவர்கள் ‘ர்’ வரும் இடத்தில் துணைக்காலைப் போட்டு மேலே புள்ளி வைப்பது சகஜம். பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால் யாரும் கண்டுகொள்ளவில்லை. யூனிகோடுக்கு மாற்றும்போது அது அப்படியே ‘ா்’ ஆகிறது. ‘அவர்கள்’ என்பது ‘அவா்கள்’ ஆகிவிடும். உற்றுப் பார்த்தால் ரகரத்தின் அடியில் வரும் சாய்ந்த கீற்று இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பிடிஎஃப்பில் ‘அவர்கள்’ என்று தேடினால் ஒன்றுமே கிடைக்காது. வாசித்துக் காட்டும் செயலிக்கும் அது வேறு எழுத்து. மாற்றும் வேலை தெரிந்தவர்கள் முதலில் தேடித் திருத்துவது இதைத்தான். எல்லா இடத்திலும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம். அதற்குக்கூட மனம் வரவில்லை.

தலைப்புகளிலும் கோளாறு. ‘தோட்டம்’ என்ற தலைப்பில் இரட்டைக்கொம்பு தகரத்துக்குப் பின்னால் போய் நின்றது. பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் தமிழைச் சரியாகக் கோக்க வேர்ல்டு ரெடி என்ற பத்தி அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், வழக்கமான அமைப்பில் கொம்பும் காலும் இடம் மாறும். இதைச் சொன்னபோது அவர் கொடுத்த பதில்: "தமிழ்னா கம்ப்யூட்டர்ல கொஞ்சம் அப்படி இப்படித்தான் வரும்க்கா." எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை உருவாக்கிய நாடு இது. ஆப்பிள் கருவிகளில் இருக்கும் தமிழ் எம்என், தமிழ் சங்கம் எம்என் எழுத்துருக்கள் அவருடையவை. இந்த மண்ணில் உட்கார்ந்துகொண்டு தமிழின் மேல் பழி போடுவதா? வேலை தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மூன்றாவது கோப்பில் எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக முடிவு கட்டிவிட்டார். "எழுத்தையெல்லாம் கர்வ் ஆக்கிட்டேன்க்கா, இனி எந்த மெஷின்லயும் மாறாது." உண்மைதான், மாறாது. எழுத்து எழுத்தாக இருந்தால்தானே மாறும்? எல்லாம் வெறும் கோட்டுருவம். எழுத்துருப் பட்டியலைத் திறந்தால் காலியாக இருந்தது. தேட முடியாது, நகலெடுக்க முடியாது, ஒரு புள்ளியைக்கூடத் திருத்த முடியாது. அத்தையின் கைப்பேசி அதைப் படம் என்றே எடுத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அட்டைக்கோ பதாகைக்கோ கர்வ் ஆக்குவது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஒரு முழுப் புத்தகத்தை, அதுவும் பிழைகளோடு, கர்வ் ஆக்கித் தருவது பிழையை மூடி மறைக்கிற வேலை. சரி, மூலக்கோப்பையாவது கொடுங்கள், வேறு ஆளை வைத்துத் திருத்திக்கொள்கிறோம் என்றால், அதற்கு இன்னும் 600 வெள்ளி கேட்டார். வாட்ஸ்அப்பில் ஒப்புக்கொண்டதைக் காட்டினேன். அதன் பிறகு போன் எடுக்கவில்லை.

நீங்கள் யாரிடமாவது இந்த வேலையைக் கொடுத்திருந்தால், மீதிப் பணத்தைக் கட்டும் முன் பிடிஎஃப்பைக் கணினியில் இலவச அக்ரோபேட் ரீடரில் திறங்கள். பிரௌசரில் திறந்தால் இந்த விவரம் கிடைக்காது. ஃபைல் பட்டியலில் ப்ராப்பர்டீஸ், அதில் ஃபான்ட்ஸ் என்ற பக்கம். ஒவ்வொரு எழுத்துருவின் பெயருக்குப் பக்கத்திலும் எம்பெடட் அல்லது எம்பெடட் சப்செட் என்று இருக்க வேண்டும். ஒன்றுக்கு இல்லாவிட்டாலும் கோப்பைத் திருப்பி அனுப்புங்கள். பட்டியல் காலியாக இருந்தால் கர்வ் ஆக்கியிருக்கிறார்கள், அல்லது பக்கங்களைப் படமாகவே போட்டிருக்கிறார்கள். அப்புறம் ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். நல்ல கோப்பிலேயே ஒட்டும்போது கொம்பு சற்று இடம் மாறுவதுண்டு, அதை மட்டும் வைத்துக் கடைக்காரரைக் குற்றம் சொல்லாதீர்கள். ஆங்கில எழுத்து வந்தால் உள்ளே இருப்பது பழைய எழுத்துருதான். ‘ர்’ வரும் ஒரு பெயரை நீங்களே தட்டச்சு செய்து தேடிப் பாருங்கள்.

வேர்டில் நீங்களே தயாரித்து அனுப்புவதாக இருந்தால், ஆப்ஷன்ஸில் சேவ் என்ற பகுதியில் எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கும் வசதி இருக்கிறது. கோப்பை வாங்குகிறவர் அதைத் திருத்த வேண்டியிருந்தால், பயன்படுத்திய எழுத்துகளை மட்டும் பதி என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். சில எழுத்துருக்களைப் பதிக்க உருவாக்கியவரே தடை போட்டிருப்பார். விண்டோஸில் எழுத்துருக் கோப்பின் ப்ராப்பர்டீஸில் டீட்டெயில்ஸ் பகுதியைப் பார்த்தால் அது தெரியும். எழுத்துரு உரிமத்துக்கு என்று யாராவது பணம் கேட்டால், எழுத்துருவின் பெயரையும் வாங்கிய ரசீதையும் கேளுங்கள்.

நான் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போனேன். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அமைந்தது அது. 50,000 வெள்ளி வரைக்கும் அங்கே கோரலாம், பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. சம்பவம் நடந்து மூன்று வருடத்துக்குள் போக வேண்டும். வாட்ஸ்அப் உரையாடல், பில், மூன்று பிடிஎஃப்களின் எழுத்துருப் பட்டியலைப் படம் பிடித்தது, அச்சகக்காரர் அனுப்பிய மாதிரிப் பக்கம், எல்லாவற்றையும் இணைத்தேன். அறிவிப்பு கையில் கிடைத்ததும் கடைக்காரர் தானே கூப்பிட்டு 380 வெள்ளியைத் திருப்பினார், மூலக்கோப்பையும் அனுப்பினார். முன்பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை, அதற்காகத்தான் விசாரணைக்குக் காத்திருக்கிறோம்.

புத்தகத்தை இப்போது அப்பாவின் பழைய மாணவர் ஒருவர் சரிசெய்து கொடுக்கிறார். அவர் மூலக்கோப்பைத் தொடவே இல்லை, அப்பாவின் பாமினிக் கோப்புகளிலிருந்தே மறுபடி தொடங்கியிருக்கிறார். ஆங்கில, மலாய்ப் பெயர்களை முதலில் தனியே எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதை மாற்றுகிறார். உங்கள் வீட்டிலும் அப்படிப் பழைய கோப்புகள் இருந்தால் அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள், நகலை மட்டும் கொடுங்கள். அந்த எழுத்துருக் கோப்பையும் கூடவே பத்திரப்படுத்தி வையுங்கள்.