மாக்குலா சிதைவு: சத்து மாத்திரையா, சாப்பாடா, புரோபயாடிக்கா?

குடல் நுண்ணுயிர்களுக்கும் வயதானபின் விழித்திரையின் நடுப்பகுதி (மாக்குலா) பழுதாகும் மாக்குலா சிதைவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற செய்தி பரவியதிலிருந்து, "புரோபயாடிக் வாங்கிச் சாப்பிட்டால் கண்ணுக்கு நல்லதா?" என்று பலரும் கேட்கிறார்கள். சத்து மாத்திரை, சாப்பாடு, புரோபயாடிக் (நல்ல நுண்ணுயிர்கள் அடங்கிய மாத்திரை) என்ற மூன்று வழிகளில் எதற்கு எவ்வளவு ஆதாரம் என்று பார்த்துவிட்டுப் பணத்தைச் செலவழிக்கலாம்.

சத்து மாத்திரைக்குத்தான் ஆதாரம் வலுவானது. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஏரெட்ஸ் ஆய்வு 2001இல் வெளியானது. வைட்டமின் சி, ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு சேர்ந்த மாத்திரை, நடுத்தர நிலை நோயாளிகளுக்கு நோய் முற்றும் வாய்ப்பை ஐந்து ஆண்டுகளில் சுமார் 25% குறைத்தது. புகைபிடிப்பவர்களுக்குப் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும். அதனால் 2013இல் வந்த ஏரெட்ஸ்-2 கலவையில் அதற்குப் பதில் கீரைகளில் இருக்கும் நிறமிகளான லூட்டின் 10 மில்லிகிராமும் ஸீயாஸாந்தின் 2 மில்லிகிராமும் சேர்ந்தன. நோயே இல்லாதவர்களுக்கோ ஆரம்ப நிலையில் இருப்பவர்களுக்கோ இந்த மாத்திரை பலன் தந்ததாக ஆய்வு காட்டவில்லை. "கண்ணுக்கு நல்லது" என்று விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை, அதுதான் வருத்தம்.

குடல் கதை சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. 2016இல் கனடாவின் மாண்ட்ரியலில் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த தீனி கொடுத்தார்கள். குடல் நுண்ணுயிர்களின் கலவை மாறியது, குடல் சுவர் கசிந்தது, உடலெங்கும் மெல்லிய அழற்சி பரவியது, கண்ணுக்குள் தேவையற்ற ரத்தக்குழாய்கள் அதிகம் வளர்ந்தன. சாதாரணத் தீனி தின்ற எலிகளின் நுண்ணுயிர்களை மாற்றி வைத்ததும் அந்த வளர்ச்சி குறைந்தது. மறு ஆண்டு பாஸ்டனின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில், சர்க்கரையை வேகமாக ஏற்றும் மாவுச்சத்து தின்ற வயதான எலிகளின் விழித்திரை பழுதானது. மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்துக்கு மாற்றியதும் பழுது நின்றது. ஆனால் எலிக்கு மாக்குலாவே கிடையாது. அதனால் இவற்றை அப்படியே மனிதருக்குப் பொருத்த முடியாது.

மனிதர்களிடம் என்ன தெரிந்தது? நெதர்லாந்திலும் பிரான்சிலும் சுமார் 5,000 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2018இல் வந்தது. காய், கீரை, பருப்பு, மீன், ஆலிவ் எண்ணெய் என்று மத்தியதரைக்கடல் பாணியை நன்றாகப் பின்பற்றியவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து 41% குறைவாக இருந்தது. கவனிப்பு ஆய்வுதான், சாப்பாடுதான் காரணம் என்று அது நிரூபிக்காது. இருந்தாலும் என் ஓட்டு இதற்கே. நார்ச்சத்தைக் குடல் நுண்ணுயிர்கள் நொதிக்கவைக்கும்போது உருவாகும் கொழுப்பு அமிலங்கள் குடல் சுவரைப் பலப்படுத்துகின்றன. இதயத்துக்கும் சர்க்கரை நோய்க்கும்கூட இந்தச் சாப்பாடு நல்லது. முருங்கைக்கீரை, பொன்னாங்கண்ணி, பயறு வகைகள் நமக்குப் புதிதில்லை. கீரையைக் கொஞ்சம் எண்ணெய் விட்டுச் செய்யுங்கள், லூட்டின் கொழுப்பில் கரைவது.

புரோபயாடிக் மாத்திரை? மாக்குலா சிதைவைத் தடுக்கும் என்று மனிதர்களிடம் இன்னும் நிறுவப்படவில்லை. எந்த நுண்ணுயிர், எவ்வளவு, எத்தனை நாள் என்பதற்கே தெளிவான பதில் இல்லை. கண்ணுக்காக என்றால் இப்போதைக்கு வாங்க வேண்டாம். தயிர் பிடித்தால் சாப்பிடுங்கள்.

அப்புறம், புகைப்பழக்கம் இருந்தால் முதலில் அதை விடுங்கள். நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ, பார்வையின் நடுவில் திட்டு விழுந்தாலோ இந்த மூன்றில் எதையும் நம்பிக் காத்திருக்க வேண்டாம். ஈரவகைச் சிதைவாக (கண்ணுக்குள் தேவையற்ற ரத்தக்குழாய்கள் வளர்ந்து கசியும் வகை) இருந்தால் கண்ணுக்குள் போடும் ஊசிதான் பார்வையைக் காக்கும், அதைத் தாமதமின்றித் தொடங்க வேண்டும்.