அட்டையா, கேஜ் வளையமா, ஆப்பா?

சேலத்தில் ஏ.சி. மெக்கானிக் பையைத் திறந்தால் பி.டி. சார்ட் (அழுத்தம்-வெப்பநிலை அட்டவணை) மூன்று உருவில் கிடைக்கும்: லேமினேட் செய்த அட்டை, கேஜ் முகத்தில் அச்சிட்ட வெப்பநிலை வளையம், போனில் ஆப். மூன்றும் சொல்வது ஒன்றுதான். காயிலுக்குள் கேஸ் இந்த அழுத்தத்தில் எத்தனை டிகிரியில் கொதிக்கிறது என்பது.

வேகத்துக்கு வளையம்தான். மே மாத மொட்டை மாடியில் முள்ளைப் பார்த்த கண்ணோடு டிகிரியும் தெரிந்துவிடும். ஆனால் பழைய கேஜ்களில் ஆர்-32 கேஸுக்கான வளையம் இருக்காது. 410ஏ கேஸின் வளையம் இருந்தால் சமாளிக்கலாம். 5 டிகிரிக்கு அதில் 121 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு), ஆர்-32-க்கு 123. ஆர்-22 வளையத்தை நம்பினால் போச்சு, அதில் வெறும் 70.

407சி போன்ற கலவை கேஸுக்கு எனக்கு அட்டைதான் பிடிக்கும். ஒரே அழுத்தத்துக்குக் குமிழ்நிலை (கொதிக்கத் தொடங்குவது), பனிநிலை (முழுதும் ஆவியாவது) என இரண்டு வெப்பநிலை. இடையே 5, 6 டிகிரி வித்தியாசம். சூப்பர்ஹீட்டுக்கு (முழுதும் ஆவியான பின் எத்தனை டிகிரி சூடேறியது) பனிநிலை, சப்கூலிங்குக்கு (முழுதும் திரவமான பின் எத்தனை டிகிரி குளிர்ந்தது) குமிழ்நிலை. அட்டையில் இரண்டு பத்தியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் தொழில் பழகும் பையனுக்கு விரல் வைத்துக் காட்டலாம். பத்தி மாறினால் சூப்பர்ஹீட் கூடுதலாகத் தெரியும். கேஸ் குறைவு என்று ஏற்றி, கடைசியில் கம்ப்ரசருக்குத் திரவம் போகும்.

ஏற்காட்டுக்குப் போனால் கதை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் உயரம் சுமார் 1500 மீட்டர். கடல்மட்டத்தில் 14.7 பி.எஸ்.ஐ. இருக்கும் காற்றழுத்தம் அங்கே 12.3 அளவுதான். கேஜ் காட்டுவது வெளிக்காற்றழுத்தத்துக்கு மேல் உள்ளதை மட்டும்; அட்டையும் வளையமும் கடல்மட்டக் கணக்கு. ஏ.சி.யின் 120-இல் இந்த 2.4 பெரிய விஷயமில்லை. ஆர்-134ஏ ஃப்ரீசரில் பெரிய விஷயம்.

அங்கே ஒரு கடை ஃப்ரீசரில் சக்‌ஷன் (கம்ப்ரசர் இழுக்கும் பக்க அழுத்தம்) 4.5 பி.எஸ்.ஐ. காட்டுகிறது என்று வையுங்கள். அட்டைப்படி கேஸ் கொதிப்பது மைனஸ் 20-இல். காயில் முடிவில் குழாய் மைனஸ் 17. சூப்பர்ஹீட் 3தானா, கேஸ் அதிகம் என்று தோன்றும். உயரத்தைப் பதியும் வசதியுள்ள ஆப்பில் 1500 போட்டால் மைனஸ் 23 வரும், சூப்பர்ஹீட் 6. ஃப்ரீசர் சரியாகத்தான் ஓடுகிறது, ஒரு சொட்டு கேஸையும் வெளியே விட வேண்டாம்.